மனிதர்களே இல்லாத கடல்

இன்று லண்டன் டூட்டிங்கில் மரக்கறி வாங்கும்போது, கடைக்கார அண்ணையிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்: அடுத்த மாதம் நோர்வேயின் வடக்குக் கரையோரமாக, பன்னிரண்டு பேர் மட்டும் போகும் சின்னக் கப்பலில் ஒரு வாரம் போகிறேன் என்று.

பனி, மலை, திமிங்கிலம், மனிதர்களே இல்லை என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். நான் மயங்கியது அந்தக் கடைசி விஷயத்தில்தான். "எப்ப கலியாணம்?" என்று யாரும் கேட்காத ஏழு நாட்கள்!

அண்ணை கத்தரிக்காயை நிறுப்பதை விட்டுவிட்டார்.

"பிள்ளை, லண்டனுக்கு வர முன்னம் ஒன்பது வருஷம் நான் அங்கதான் மீன் பக்டரியில வேலை செய்தனான். அந்தக் குளிர் தாங்க ஏலாமத்தான் இஞ்ச ஓடி வந்தனான். நீர் காசு குடுத்துப் போறீரோ?"

"ஓம் அண்ணை."

"கப்பல் எங்க நிக்கும்?"

வழியில் நிற்கும் ஒரேயொரு ஊரின் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. உடனே போனை எடுத்தார்.

"மச்சான், எங்கட பிள்ளை ஒண்டு உங்கட ஊருக்குக் கப்பல்ல தனிய வருது. அவங்கட சாப்பாடு வாயில வைக்க ஏலாது. புட்டும் கணவாய்க் கறியும் கொண்டுபோய்க் குடு."

வேண்டாம் என்று இரண்டு கைகளையும் ஆட்டினேன். கூச்சப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு போனைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அவன்ர மனுசியும் உம்மைப் பாக்க வாறாவாம். எப்ப கலியாணம் எண்டு கேக்கிறா."

வேறு ஏதாவது கடல் தெரிந்தால் சொல்லுங்கள். அங்கே மீன் பக்டரி இல்லை என்று விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள்.