இருபத்தோராவது தட்டு

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு எவர்சில்வர் தட்டு இருக்கிறது. பாலித்தீன் பையில் சுற்றி, உள்ளே நாலு அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறேன். தட்டின் ஓரத்தைச் சுற்றி ஒரு மயில் வளைந்து நிற்கும். முலாம்பழ விதைகளுக்கு நீலமும் பச்சையும் சாயம் ஏற்றி, ஒவ்வொன்றாக அடுக்கி ஒட்டிய மயில். நடுவில் ஆரத்தித் தண்ணீர்க் கிண்ணம் வைக்க வட்டமாக இடம் விட்டிருக்கும். தோகையில் சில விதைகளைப் பூச்சி தின்றுவிட்டது. கண் சற்றுக் கோணலாக இருக்கும். அது எப்படிக் கோணலானது என்று எனக்குத் தெரியும். தட்டின் அடிப்பக்கத்தை மூடி ஒட்டியிருந்த சிவப்பு வெல்வெட் துணி ஒரு ஓரத்தில் பசை விட்டுத் தொங்குகிறது. அங்கே, பாத்திரக்கடையில் புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுத்த ஒரு பெயர் தெரிகிறது. மயிலைச் செய்தவரின் பெயர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி நான் துடியலூருக்கு வந்தபோது, பக்கத்து வீட்டில் தன் தம்பியோடு அக்கா இருந்தார். தம்பி லேத் பட்டறைக்குப் போகிறவர். அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். உள்ளங்கை, விரல் கணு, முழங்கை, முழங்கால் என்று எல்லா இடத்திலும் தோல் தடித்துச் சிவந்து, மேலே வெள்ளையாகச் செதில் உதிரும். சோரியாசிஸ். பெரியாஸ்பத்திரி டாக்டர், "இது யாருக்கும் பரவாதும்மா. ஆனா உன்னை விட்டும் போகாது" என்று சொல்லியிருந்தாராம். முதல் பாதியை ஊரில் ஒருவரும் நம்பவில்லை. இரண்டாம் பாதியை எல்லாரும் நம்பினார்கள். கல்யாணமான இரண்டாம் வருஷம், "ஒடம்பு தேறட்டும் கண்ணு, நாங்களே வந்து கூட்டிக்கிறோம்" என்று மாமியார் வீட்டார் அவரைப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். கூடவே அவர் சீராகக் கொண்டுபோன பாத்திரங்களையும் மூட்டை கட்டி இறக்கிவிட்டுப் போனார்கள். "பாத்தரத்தையும் எறக்கறாங்களேன்னு அப்பவே ரோசன பண்ணியிருக்கோணும். நானொரு மடச்சி, ரெண்டு வருசம் பொட்டிய அடுக்கி வெச்சுட்டு ஒக்காந்திருந்தேன்" என்று சொல்லி அக்கா சிரிப்பார். எங்கள் பக்கத்து மரியாதையைப் பற்றி எல்லாரும் பெருமையாகப் பேசுவார்கள். எனக்கு அந்தப் பெருமை கிடையாது. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் ஒரு 'ங்க' சேர்த்துத்தான் தள்ளுவோம். தள்ளப்பட்டவருக்குத் தெருவுக்கு வந்த பிறகுதான் விஷயம் புரியும்.

அக்கா செய்தது கல்யாணத்துக்கான சீர்த்தட்டும் ஆரத்தித் தட்டும். வெல்வெட் துணி, ஜமிக்கி, கண்ணாடிச் சில்லு, பாசிமணி, சாயம் ஏற்றிய விதைகள். கடையில் வாங்கும் தட்டில் மயில் என்றால் மயில் மாதிரி ஒன்று இருக்கும். அக்காவின் மயில் அப்போதுதான் மழையில் நனைந்து வந்த மாதிரி இருக்கும். காலையில் விரல்கள் வீங்கி மடக்க வராது. வெந்நீரில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்து, வெயில் ஏறிய பிறகுதான் வேலைக்கு உட்காருவார். பசை காய்ந்ததும் அதை விரலிலிருந்து உரிக்க வேண்டும். நமக்குப் பசை மட்டும் வரும். அவருக்குத் தோலும் சேர்ந்து வரும். செதில் தெரியக் கூடாதென்று எப்போதும் வெளிறிய நிறத்தில்தான் புடவை கட்டுவார். தட்டு முடிந்ததும் அதை வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பெயிண்ட் பிரஷால் மூலைமூலையாகத் தட்டுவார். தன் உடம்பிலிருந்து ஒரு பொட்டுத் தூசிகூட அடுத்தவர் கல்யாணத்துக்குப் போய்விடக் கூடாது என்பார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது, அதுதான் அவர் வாழ்க்கை முழுவதும். கைக்குப் போடும் மருந்து எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும், புதிதாகப் போட்ட தார் ரோடு மாதிரி வாசனை வரும். அதைப் போட்டால் அன்றைக்கு விதை நிற்காது, வழுக்கிக்கொண்டு போகும். வேலை நடக்க வேண்டுமென்றால் மருந்து போடக் கூடாது. தை மாதம் முகூர்த்தங்கள். அதற்கான தட்டுகளை மார்கழியில் செய்தாக வேண்டும். மார்கழிக் குளிர்தான் அந்த நோய்க்குக் கொண்டாட்டம். ஆக, கைகள் எப்போது அதிகமாக வெடிக்குமோ அப்போதுதான் அதிகமாக வேலை இருக்கும். ஒவ்வொரு மார்கழியும் அக்கா மருந்து டப்பாவை அலமாரியின் மேல்தட்டில், கை எட்டாத இடத்தில் வைத்துவிடுவார். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாளும் இறக்கி அவர் கையில் கொடுத்ததில்லை.

நான் எப்படி அந்தத் தொழிலுக்குள் வந்தேன் என்றால், பேசத் தெரியும் என்பதால்தான். அக்காவால் ஆர்டர் கேட்டுப் போக முடியாது. கதவைத் திறப்பவர்களின் கண் நேராகக் கைக்குப் போகும். அதனால் நான் போனேன். கொஞ்ச நாளில் ஒரு வீட்டில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது பொன்னுக் கையிங்க அம்மணி, எப்புடித்தான் செஞ்சீங்களோ" என்றார். நான் செய்யவில்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் அந்த நொடியைச் சிரித்தே போக்கினேன். வீட்டுக்கு வந்து அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். "அப்பிடியே இருக்கட்டும் கண்ணு. என்ற கையின்னா எவ வாங்குவா?" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அதற்காக எனக்கு அது பிடிக்கவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். மாமியார் வீட்டில் சப்பாத்தி வட்டமாக வராத மருமகளாக இருந்த நான், ஒரே வருஷத்தில் கைத்திறமைக்காரி ஆகிவிட்டேன். சொந்தக்காரர்கள் வந்தால் மாமியார் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு அது ருசித்தது.

அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. எத்தனையோ தட்டு செய்திருந்தாலும், அதில் ஒன்றைக்கூட ஒரு கல்யாணத்தில் வைத்து அவர் பார்த்ததில்லை. பெட்டியில் போட்டுக் கட்டி என்னிடம் கொடுப்பதோடு சரி. "மயிலு மாப்பள பொண்ண ஒரு சுத்து சுத்தி வாரத ஒருக்கா பாக்கோணும் கண்ணு. வேற ஒண்ணும் வேண்டாம்" என்பார். யார் கல்யாணத்திலும் அவருக்கு அழைப்பு வராது. வந்தாலும் தம்பி பெயருக்கு வரும்.

ஒரு மார்கழியில் பல்லடத்திலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. விசைத்தறிக்காரர் வீடு. மகன் கல்யாணத்துக்கு இருபத்தொரு தட்டு வேண்டுமென்றார் அந்த வீட்டு அம்மா. "நீங்க கண்டிப்பா வந்திரோணுங்க அம்மணி, மேடையில உங்களுக்கு மரியாத செய்யோணும்" என்று பத்திரிகையை என் கையில் வைத்தார். அக்கா அந்த முறை செய்ததுபோல் எப்போதும் செய்ததில்லை. பாத்திரக்கடையில் வாங்கியது இருபது தட்டு. இருபத்தோராவதைத் தன் சீர்ப் பாத்திரத்திலிருந்து எடுத்தார். கடைக்குப் போய் வாங்கி வருகிறேன் என்று சொன்னதற்கு, "இருக்கட்டும், ஊட்டுல சும்மாதான கெடக்குது" என்றார். அதில்தான் இந்த மயில். "ஆரத்திக்கு இதையே எடுக்கச் சொல்லு" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அடியில் வெல்வெட் ஒட்டுவதற்கு முன் திருப்பியும் பார்க்கவில்லை. கடைசித் தட்டு முடிந்த அன்று அவரால் சோற்றைப் பிசைய முடியவில்லை. தம்பி கரண்டி எடுத்துக் கொடுத்தார்.

முதல் நாளே கார் வந்து தட்டுகளை எடுத்துப் போய்விட்டது. மறுநாள் விடிகாலையில் நானும் அக்காவும் பஸ் ஏறினோம். நானாகத்தான் கூப்பிட்டேன். அந்த ஒரு நல்ல காரியம் செய்தேன். அக்கா முழங்கைக்குக் கீழ்வரை கை வைத்த ரவிக்கை போட்டு, முந்தானையை இரண்டு கையையும் மூடும்படி இழுத்துப் பிடித்திருந்தார். பஸ்ஸில் ஒரு வார்த்தை கேட்டார்: "யாராச்சும் கேட்டா, ரெண்டு பேருமா செய்யறோம்னு சொல்லலாமா கண்ணு?" "சொல்லலாங்க அக்கா, எதுக்குங்க பயம்?" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். சூலூர் தாண்டும் வரை அவர் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தார்.

மண்டபத்தில் என்னை மேடைக்கு அழைத்துப் பட்டுப்புடவை கொடுத்தார்கள். "இந்தத் தட்டெல்லாம் இவுங்க கையில செஞ்சதுதானுங்க" என்று பல்லடத்து அம்மா எல்லாரிடமும் சொல்ல, நான் கும்பிட்டேன். ஆரத்தி எடுக்கும் நேரம் வந்தது. மயில் தட்டை முன்னால் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். காரில் வந்த குலுக்கலில் மயிலின் கண் விதை பெயர்ந்து ஓரத்தில் கிடந்தது. எனக்கு அது தெரியவில்லை. பின்னால் நாற்காலி வரிசையில் இருந்த அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து வந்தார், முந்தானையிலிருந்து கை வெளியே வந்தது, விதையை எடுத்து எச்சில் தொடாமல் பழைய பசையின் மேலேயே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். அவ்வளவுதான். கிண்ணம் வைக்க வந்த பெண் அந்தக் கையைப் பார்த்துக் கிண்ணத்தை வைக்காமல் நின்றாள். அருகிலிருந்த ஒரு அம்மா, "ஏனுங்க, நீங்க எதுக்குங்க சிரமப்படறீங்க? அப்பிடி ஒக்காருங்க, காத்தாட இருங்க" என்றார். பேச்சில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இன்னொரு தட்டு வந்தது. மயில் தட்டை ஒருவர் துணியால் பிடித்துத் தூக்கிப் போய் மூலையில் வைத்தார்.

பல்லடத்து அம்மா என்னிடம் குனிந்து, "இவுங்க யாருங்க அம்மணி?" என்று கேட்டார்.

என் கையில் அந்தப் புடவை இருந்தது. அக்கா இரண்டடி தூரத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்குங்க பயம் என்று பஸ்ஸில் கேட்டவள் நான்தான்.

"பக்கத்து ஊட்டுக்காரங்க. கல்யாணம் பாக்கோணும்னு ஆசப்பட்டாங்க" என்றேன்.

வேறு தட்டில் ஆரத்தி சுற்றினார்கள். அக்கா அதையும் பார்க்காமல் வெளியே போய்க் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றார். நாங்கள் கிளம்பும்போது ஒரு பெண் ஓடி வந்து மயில் தட்டை மஞ்சள் பையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். "இது மிச்சமாயிருச்சுங்க" என்றாள். பஸ்ஸில் நான் புடவையை எடுத்து அக்கா மடியில் வைக்கப் பார்த்தேன். அவர் அதைத் தொடவில்லை. "மயிலுக்குக் கண்ணில்லாம சுத்தப் போறாங்களேன்னு கை தானா போயிருச்சு" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "நீ ஒண்ணும் பொய் சொல்லிப்போடலியே. பக்கத்து ஊட்டுக்காரிதான நானு" என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இத்தனை வருஷம் தப்பித்திருப்பேன். தட்டையும் வாங்கிக்கொள்ளவில்லை. "நீயே வெச்சுக்க" என்றார்.

மறுநாள் காலையில் அடுத்த ஆர்டரோடு போனேன். அக்கா கதவருகில் உட்கார்ந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டு வரை மருந்து பளபளத்தது. "மருந்து போட்டுட்டேன் கண்ணு." அடுத்த நாளும் அதே பதில். அதற்கடுத்த நாளும். டப்பா அலமாரி மேல்தட்டிலிருந்து இறங்கிவிட்டது, மறுபடி ஏறவே இல்லை. சித்திரைக்குள் அவர் உள்ளங்கை நான் பார்த்திராத அளவுக்குத் தெளிந்திருந்தது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. தை ஆர்டர்கள் எல்லாம் போயின. நானே ஒரு மயில் செய்து பார்த்தேன், கோழி மாதிரி வந்தது. கேட்டு வந்தவர்களிடம், "கையில கொஞ்சம் சீக்குங்க, டாக்டரு வேலையே செய்யக் கூடாதுன்னுட்டாரு" என்று சொன்னேன். அவர்கள் என் கையைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். அக்காவின் வேலையை எடுத்துக்கொண்டது போதாதென்று கடைசியில் அவருடைய நோயையும் நான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு தம்பிக்குப் பெருந்துறையில் வேலை கிடைத்து இருவரும் அங்கே போனார்கள். சில வருஷம் கழித்து அக்கா இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எனக்குச் சேதி வந்தது காரியமெல்லாம் முடிந்த பிறகு. நோய் அவர் கையில் மட்டும்தான் இருந்தது என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கையைத் தொடாமலே எங்கள் எல்லாருக்கும் அது வேறு விதமாக வந்திருந்தது.

போன தை மாதம் என் மகளுக்கு நிச்சயம். வீட்டில்தான் வைத்தோம். ஆரத்திக்குத் தட்டு தேடியபோது நானே பரணில் ஏறி மயிலை இறக்கினேன். இத்தனை வருஷம் கழித்தாவது அது ஒரு சுற்று சுற்றட்டும் என்று நினைத்தேன். சுற்றியது. எல்லாரும் அழகு அழகு என்றார்கள். முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கையில் வாங்கி அதிசயமாகப் பார்த்தார். திருப்பினார். தொங்கிய வெல்வெட்டை விரலால் விலக்கி அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். அக்காவின் பெயரை ஒருவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது.

"இது யாருங்க சம்பந்தி?" என்று கேட்டார்.

இப்போது யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஆர்டர் இல்லை, மேடை இல்லை, இரண்டடி தூரத்தில் நின்று என்னைப் பார்க்க அக்காவும் இல்லை. புதுச் சம்பந்தி முன்னால் ஒரு நீண்ட கதையைத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

"பழைய பக்கத்து ஊட்டுக்காரங்க" என்றேன்.