சவிரியின் கையிலிருந்து மாதாவை வாங்கியது

வாசலில் நின்றவர்களைச் சொல்கிறேன். என் மனைவி திரேசா. பக்கத்து வீட்டு லூர்த்தம்மா. மாதா சுரூபத்தை நெஞ்சோடு அணைத்தபடி சவிரி. உள்ளே கட்டிலில் என் மகன் றொசான். பிறகு நான். தெருச்சனம் படலைக்கு வெளியே நின்றது.

நான் மன்னார்த் தீவில் கடல் தொழில் செய்பவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பங்குச் சுவாமி நடந்ததை எழுதித் தரச் சொன்னார். எழுதுகிறேன்.

மூன்று வருசத்துக்கு முன் றொசான் முத்துக் குளிப்பதுபோலக் கடலட்டை குளிக்கப் போனான். காற்றுச் சிலிண்டர் நிரப்பிக் கொடுப்பது சவிரியின் வேலை. ஆழத்தில் காற்று தீர்ந்தது. மகன் ஒரே வீச்சில் மேலே வந்தான். அப்படி வந்தால் உடம்பு தாங்காது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அப்போது வயது இருபத்துநாலு. வால்வு பழுது என்று சவிரி சொன்னான். ஆஸ்பத்திரிக்கு ஒரு நாளும் வரவில்லை.

கத்தியை மடியில் செருகிக்கொண்டு இரண்டு நாள் அவன் படகு வரும் இடத்தில் இருந்தேன். இரண்டு நாளும் அவன் வேறு துறையில் இறங்கினான். அப்போது தப்பிவிட்டான் என்று நினைத்தேன். தப்பியது நான் என்று இப்போது தெரிகிறது.

அதன்பிறகு, ஆண்டவர் கற்பித்த செபத்தில் பிறரை மன்னிக்கிறோம் என்று சொல்லும் இடம் வந்தால் வாயை மூடிக்கொள்வேன். திரேசாவுக்குத் தெரியும்.

செபமாலை மாதத்தில் எங்கள் தெருவில் மாதா வீடு வீடாக வருவார். ஒரு வீட்டுக்காரன் அடுத்த வீட்டுக்காரனின் கையில் கொடுக்க வேண்டும். எங்களுக்கு முந்திய வீடு சவிரியுடையது. இரண்டு வருசம் நான் கதவைச் சாத்தினேன். மாதா எங்களைத் தாண்டி லூர்த்தம்மா வீட்டுக்குப் போனார்.

இந்த வருசம் றொசான் சொன்னான். "அப்பா, என்னைக் கோயிலுக்குக் கொண்டுபோக ஏலாது, மணலில நாற்காலிச் சில்லுப் புதையுது. வாற மாதாவையும் நீங்கள் மறிச்சா நான் எங்க போறது?"

மடு மாதா கோயிலுக்குப் போனேன். "தாயே, அவனை மன்னிக்க என்னால் ஏலாது. கையையாவது நீட்ட வை" என்று கேட்டேன். மகனின் காலைக்கூடக் கேட்கவில்லை.

எங்கள் முறை வந்த மாலை சவிரி சுரூபத்தோடு வாசலில் வந்து நின்றான். என் கைகள் தொங்கியபடியே இருந்தன. கனநேரம்.

"அவனுக்குக் கை உளையுது. இனி மாதாவுக்கும் கால் உளையப்போகுது. வாங்குங்கோவன்" என்றாள் லூர்த்தம்மா.

கை நீண்டது. சுரூபத்தின் பாரம் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

சவிரி திரும்பிப் போகவில்லை. "மாமா, வால்வு பழுதில்லை. முந்தினநாள் பாவிச்ச சிலிண்டர். நிரப்பாமக் குடுத்திட்டன்" என்றான்.

சுரூபத்தைக் கீழே விட்டிருப்பேன். திரேசா கையைக் கொடுத்துத் தாங்கினாள்.

உள்ளேயிருந்து றொசானின் குரல் வந்தது. "எனக்கு அண்டைக்கே தெரியும் அண்ணை. தூக்கேக்க பாரம் குறைவு. நானும் காத்து அளவைப் பாக்காமத்தான் இறங்கினனான். உள்ளுக்கு வாங்கோ."

சவிரி வந்து கட்டிலின் காலடியில் முழந்தாளிட்டான். செபமாலை தொடங்கியது.

றொசான் நடக்கவில்லை. நடக்கமாட்டான் என்றுதான் டொக்டர் சொல்கிறார். சில நாள் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஆனால் ஞாயிறுகளில் அவனைச் சக்கர நாற்காலியோடு மணலுக்கு மேலே தூக்கிக் கோயிலுக்குக் கொண்டுபோகிறோம். ஒரு பக்கம் நான். மறுபக்கம் சவிரி. ஆண்டவருக்கு நன்றி. அன்னைக்கு நன்றி.

இதை வாசிக்கிற உங்களுக்கும் வாய் மூடுகிற இடம் ஒன்று இருக்கலாம். மன்னிக்கிற மனதைக் கேட்கப் பயமாக இருந்தால் கையை மட்டும் கேளுங்கள். அது கிடைக்கும்.

ஒரு செபமாலையில் ஆண்டவர் கற்பித்த அந்தச் செபம் ஆறு தரம் வரும். அன்று முதலில் அந்த இடத்தில் எனக்கு வாய் திறக்கவில்லை. பிறகு திறந்தது.

நாலு தரம் சொன்னேன்.