முடிக்கச் சொல்ல ஆளில்லாத ஆட்டம்

வளைகுடா நாட்டில், குதைபியா என்ற பகுதியில் நான் வேலை பார்க்கும் சலவைக் கடைக்கு ஸ்பெயின் நாட்டு அம்மா ஒருவர் நீளப் பாவாடைகளைக் கொண்டுவருவார். அடியில் அடுக்கடுக்காகச் சுருக்கு வைத்துத் தைத்தவை. இஸ்திரி போட்டு முடிப்பதற்குள் தோள் கழன்றுவிடும். பக்கத்துத் தெரு மாடியில் அவர் ஃபிளமெங்கோ என்ற தங்கள் நாட்டு நடனத்தைக் கற்றுத்தருகிறார். ஒருநாள், "வெள்ளிக்கிழமை வா, இது எப்படிச் சுற்றும் என்று பார்" என்று அரைகுறை இந்தியில் கூப்பிட்டார். பார்க்கப் போனவனைக் கை தட்டச் சொன்னார். சில வாரம் கழித்துக் காலையும் தட்டச் சொன்னார்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இந்த வயதில் மறுபடி வகுப்பு என்றதும் தயங்கினேன். ஆனாலும் போனேன். எல்லோரும் சேர்ந்து ஆடும்போது பின்வரிசையில் ஒளிந்துகொள்ளலாம். அந்த நடனத்திலேயே ஒரு வகையான புலேரியாவில் அது முடியாது. அது கொண்டாட்ட ஆட்டம். எல்லோரும் அரைவட்டமாக நின்று கை தட்ட, ஒவ்வொருவராக நடுவே வந்து, அந்த நேரத்தில் மனதில் தோன்றுவதைச் சிறிது ஆடிவிட்டுப் போக வேண்டும். எனக்கு அங்கே எதுவும் தோன்றாது. என் முறை நெருங்கும்போதே நைசாகக் கழிவறைக்குப் போய்விடுவேன்.

வகுப்பின் வருடக் கடைசி விருந்துக்கு முந்தைய வாரம் ஆசிரியை என்னைத் தனியாக அழைத்தார். "அன்றைக்கும் நீ ஆட வட்டத்துக்கு உள்ளே வராவிட்டால், இனி உன்னை வகுப்புக்குக் கூப்பிட மாட்டேன். கோபமில்லை. பயப்படுகிறவனை வாராவாரம் வதைக்க எனக்கு மனமில்லை."

அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. கடையில் கல்லாவைப் பார்க்கும் பாய், ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர், கவனித்துவிட்டார்.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க. நம்ம மொதலாளி கஃபீல் விசாவ கேன்சல் பண்ணிட்டாரா?"

"விருந்துல தனியா ஆடணும் பாய். நம்ம கஸ்டமருங்க பாதிப் பேரு வருவாங்க."

"வரட்டுமே. சிரிச்சா சிரிக்கட்டும். இப்ப மட்டும் உங்க மூஞ்சிய யாரு பாக்குறா? சட்டையத்தான் பாக்குறாங்க."

விருந்தன்று கிதார்க்காரர் வேகமாக வாசித்தார். எங்கள் வகுப்புக்கு வரும் நர்சு எனக்கு முன்னால் ஆடி ஒதுங்கியதும் நடுவே இடம் காலியானது. ஆசிரியை என்னைக் கூப்பிடவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். முதுகில் வேர்வை ஓட, உள்ளே போய்விட்டேன்.

கையைத் தூக்கினேன். குதிகாலால் தட்டினேன். திரும்பினேன். கொஞ்ச நேரத்தில் கைவசம் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. கிதார் நிற்கட்டும் என்று காத்திருந்தேன். அது நிற்கவில்லை. ஊரில் மேளக்காரர் முடித்தால் ஆட்டம் முடியும். முன்பு வேலை செய்த கட்டட சைட்டில் ஃபோர்மேன் "கலாஸ்" என்றால் வேலை முடியும். அந்தப் பழக்கத்தில் கிதார்க்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டு ஆடினேன். அவரோ என் காலையே பார்த்துக்கொண்டு வாசித்தார். ஆடுகிறவன்தான் முடிக்க வேண்டும், வாசிப்பவர் அதற்காகக் காத்திருப்பார் என்று வகுப்பில் சொன்னது அப்போதுதான் உறைத்தது. எப்படி முடிப்பது என்று பழகிய நாட்களில் நான் கழிவறையில் இருந்தேன்.

மூச்சு வாங்கியது. நான் உற்சாகத்தில் ஆடுகிறேன் என்று நினைத்து எல்லோரும் இன்னும் பலமாகத் தட்டினார்கள். இங்கேயே விழுந்து செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். கடைசியில் பயம் தாங்காமல், இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துக் காலை ஓங்கி மிதித்துக் கையை உயர்த்தினேன்.

கிதார் நின்றது. அத்தனை கைகளும் நின்றன. என் ஒரு மிதிக்கு இத்தனை பேர் அடங்கிப்போனது அதுவரை இருந்த பயத்தைவிடப் பெரிய பயமாக இருந்தது.

ஆசிரியை வந்து என் தோளில் தட்டினார். "உள்ளே வா என்றுதானே சொன்னேன், அங்கேயே குடியிருக்கவா சொன்னேன்? வெள்ளிக்கிழமை சீக்கிரம் வா. வெளியே வருவது எப்படி என்று பழகலாம்."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, வருகிறேன் என்று தலையாட்டினேன்.