கயிற்றை விடும் இடம்

மகளுக்குத் தொண்டைச் சதை வெட்ட நாள் குறித்துவிட்டார்கள். ஐந்து வயதுக்காரிக்கு இதை எப்படிச் சொல்வது? கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்துவரும் டக் படகில் வேலை செய்கிறவன் நான். எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன். அவள் கப்பல், நான் டக், என் சுட்டுவிரல் கயிறு.

பின்னேரங்களில் ஒத்திகை நடந்தது. நான் உறுமிக்கொண்டு முன்னே போக, அவள் விரலைப் பிடித்தபடி வருவாள். குசினி வாசல்தான் கப்பல் வந்து அணையும் ஜெட்டி. அங்கே கயிற்றை விட்டுவிட்டு டக் வெளியில் நிற்கவேண்டும். உள்ளே மனைவி தேத்தண்ணி வடிகட்டும் வடியை அவள் மூக்கில் வைத்து மயக்க மருந்து கொடுப்பாள். மகள் மயங்காமல் சிரிப்பாள்.

அன்றைக்கு, ஒப்பரேஷன் தியேட்டர் வாசலில் மகள் படுத்திருந்த தள்ளுகட்டில் நின்றது.

“அப்பா இதோட நில்லுங்கோ” என்றார் தாதி.

“ஓம், ஓம்” என்றபடியே நான் உள்ளே காலை வைத்தேன்.

மகள் தலையைத் தூக்கினாள். “அப்பா, ஜெட்டி வந்திட்டுது. கயிறை விடுங்கோ.”

குனிந்து பார்த்தேன். அவள் என் விரலை எப்போதோ விட்டிருந்தாள். அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தது நான்தான்.

பின்னாலிருந்து மனைவி கேட்டாள்: “உங்களுக்கும் அந்த வடியை வைக்கவோ?”