சந்தனம் பூசிய பாட்டுத் தட்டு

ஏலக்காய்த் தோட்டத்துப் பங்களாவில் என் மாமனார் சமையல் பார்த்தவர். தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பிய துரை, ஒரு பெட்டி நிறையப் பாட்டுத் தட்டுகளை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். நான் வாக்கப்பட்டு வந்தபோதே பாடுகிற பெட்டி கெட்டுப்போயிருந்தது. தட்டுகளை மட்டும் விடாமல் வைத்திருந்தோம். போடிக்குக் குடிவந்தபோது அவையும் வந்தன.

போன மாசியில் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். கடல் தாண்டிய தேசத்தில் கறுப்பு மக்கள் அந்தக் காலத்தில் பாடிய பாட்டுகளைத் தேடிப் பிடித்து, சுத்தம் பண்ணி, புதுத் தட்டாகப் போடும் கம்பெனியாம். கம்பெனி என்றால் அவரும் அவர் சிநேகிதரும்தான். என் மகன் தட்டுகளைப் படம் பிடித்துப் போனில் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

ஒரு தட்டை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தார்.

"இந்தப் பாட்டோட பேரு மட்டுந்தாம்மா தெரியும். கேட்டவங்க யாரும் இப்ப இல்ல. வேற தட்டு எங்கயும் கிடைக்கல" என்றவர், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்ததும் முகம் வாடிப்போனார். "என்னம்மா இது, மஞ்சளா?"

"சந்தனம். ஆயுத பூசைக்கு வைக்கிறது."

அருவாள், காய் சலிக்கிற சல்லடை, ஜீப்பு, எல்லாவற்றுக்கும் வைப்பேன். தட்டுகளுக்கும் வைத்தேன். நடுவில் இருந்த காகிதத்தில் எழுத்து இருந்தது. என் பேரை எழுதுகிற அளவுக்குத்தான் எனக்குப் படிப்பு. ஆனாலும் எழுத்து சரஸ்வதி, அதை மறைக்கக்கூடாது என்று தெரியும். அதனால் கறுப்பில் வைத்தேன்.

"பாட்டு இருக்கறதே அந்தக் கறுப்புலதாம்மா" என்றார், பாவம்.

கூட இருந்த என் நாத்தனார் சிரித்துவிட்டாள். "மதினி, பாடுறவ வாயிலயே அப்பி வச்சிருக்கீக!"

"சாமிக்குச் செஞ்சதுக்கு நான் எதுக்குடி வெக்கப்படணும்? ஒன் சோலியப் பாரு."

சொல்லிவிட்டேனே தவிர, அவர் முகத்தைப் பார்க்காமல் காப்பி போடத் திரும்பிக்கொண்டேன்.

அவள் விடவில்லை. "ஸ்பிரிட்டு ஊத்தித் தொடைங்க அண்ணே, வெரசா போயிரும்."

"ஐயையோ! இது அரக்கும்மா. ஸ்பிரிட்டு பட்டா தட்டே கரைஞ்சிடும்."

சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, பூப்போன்ற பிரசால் வரி வரியாகத் துடைத்தார். சந்தனம் ஊறி, மாவாகக் கழன்று வந்தது. நான் கொடுத்த காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது.

தட்டு காய்ந்ததும், கொண்டுவந்திருந்த மிஷினில் வைத்து, அதைத் தன் கம்ப்யூட்டரோடு இணைத்து, ஊசியை இறக்கினார். முதலில் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி சடசடப்பு. சந்தனம் இருந்த இடத்தில் ஊசி தடுமாறியது. மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். தாண்டிவிட்டது. பிறகு ஒரு பெண் பாடினாள். கத்தவில்லை, பக்கத்துச் செடியில் காய் எடுப்பவளிடம் மனசு விட்டுச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"என்னப்பு சொல்றா?" என்று கேட்டேன்.

"வேலைக்கு வந்த இடத்துல மழை விடல, பிள்ளைகிட்ட போக முடியலங்கறா."

வரிக்கு வரி அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. எந்த ஊரோ, செத்து எத்தனை காலமோ. அந்த மூச்சு என் அடுப்படியில் நின்றது. இத்தனை வருசமாக அவளுக்குத்தான் பொட்டு வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பாட்டு முடிந்தது. கம்ப்யூட்டரைப் பார்த்து, "முழுசா ஏறிடுச்சும்மா. இனிமே போகாது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாத்தனார் கேட்டாள்: "அண்ணே, அவ பிள்ளைகிட்ட போய்ச் சேந்தாளா?"

"அதுக்குள்ள தட்டு முடிஞ்சிடுதும்மா."