நீலக் கோடு

லயத்து வீடுகளின் சாக்கடைக் கான் அடைத்து இலை அழுகி நாறும்போதெல்லாம் டிக்கோயாப் பக்கம் அம்மா வேலை செய்த சாயத் தோட்டம் ஞாபகம் வருகிறது. இப்போது அங்கே ஹோட்டல் நிற்கிறது.

பூ விடுவதற்கு முன்பே அம்மா அவுரிச் செடியை அறுத்து, பீப்பாயில் கல் ஏற்றி ஊறப்போட்டு, இலை அழுகியதும் சுண்ணாம்பு கலந்து துணியை முக்குவாள். முழங்கை வரை நீலத்தோடு தண்ணீர் கொட்டும் பீலிக்குக் குளிக்க வந்தால், "கிருஷ்ணர் வாறாரு, வழி விடுங்கடி" என்று பெண்கள் கேலி செய்வார்கள். ஒருமுறை அரிவாள் பட்ட பெருவிரலில் சாயம் இறங்கி, காயம் ஆறியும் ஒரு நீலக் கோடு நின்றுவிட்டது.

வெள்ளைத் துணி பச்சையாக வெளியே வந்து, காற்று பட்டதும் நீலமாகும். அம்மா துணியை மாற்றுகிறாள் என்றுதான் எனக்குச் சந்தேகம். ஒருநாள் அடையாளத்துக்கு வெள்ளைத் துணியின் ஓரத்தைக் கடித்துக் கிழித்துக் கொடுத்தேன். அந்தக் கிழிசலோடுதான் நீலமானது.

"ஏண்டி, பெத்தவளையே நம்ப மாட்டியா? ஒன்னய பொலிஸ்லதான் சேக்கணும்" என்று சிரித்தாள்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அம்மாவைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். முகம் வீங்கி வேறு யாரோ மாதிரி இருந்தது. ஆளை மாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

"அம்மாதான் புள்ள, வா" என்றார் மாமா.

"இல்ல மாமா. கையக் காட்டச் சொல்லுங்க."

துணியை விலக்கினார்கள். கோடு இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே பெருவிரலைத் திருப்பிப் பார்த்தேன்.

இருந்தது.