கடைசியாகப் பேசச் சொன்னவர்

கோமதி மேடம் காலமானார் என்று அவருடைய மாணவி ஷிவானி போனில் சொன்னபோது, நான் சரோஜினி நகர் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. ஆயுளெல்லாம் டில்லிப் புகையைப் பற்றிப் பாடம் நடத்தியவரை நுரையீரல் நோயே கொண்டுபோயிற்று. அதற்கு யார் வெட்கப்பட்டார்கள்?

திருநெல்வேலிக்காரர். எங்கள் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழலால் வரும் நோய்களைப் பற்றிய வகுப்பு அவருடையது. நானும் அங்கே ஆசிரியன்; எனக்குப் பக்கத்து அறை. மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்துக் குடியிருப்புகளுக்கு அனுப்புவார். வாரம் ஒருவர் தலைவர். தலைவருக்கு ஒரே விதி: மற்ற எல்லோரும் பேசிய பிறகே வாய் திறக்க வேண்டும். ஒரு மாணவன் முதல் நாளே, "மேடம், நானே சொல்லிடறேன், ஜல்தி முடிஞ்சிடும்" என்றான். "அச்சா! அப்போ இந்த வாரம் நீதான் தலைவர்" என்றார் மேடம். அந்த வாரம் முழுக்க அவன் வாயை மூடிக்கொண்டு ஊர் சொன்னதைக் கேட்டான்.

போன வருடம் ஷிவானியின் குழு, குப்பை எரிக்கும் இடத்தை ஒட்டிய தெருவில் வீடு வீடாக விசாரித்து, எரிப்பதை நிறுத்தச் சொல்லி அறிக்கை எழுதியது. எந்த அறிக்கையையும் முதலில் அந்தத் தெருவில் படித்துக் காட்டுவது மேடத்தின் வழக்கம். "சாம்பலைத் திங்கிறது அவங்க சார். அவங்களுக்குத் தெரியாம ஆபீசுக்கு என்ன அறிக்கை?" என்பார். துறைத் தலைவர் விடவில்லை. மேலிடத்துக்குச் சங்கடம் என்று, சரிபார்ப்பது என்ற பெயரில் இழுத்தடிக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார். நான் அறிக்கையை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

"படிச்சீயளா சார்?" என்று மேடம் வாரம்தோறும் கேட்பார். "இன்னும் கொஞ்சம் திருத்தணும் மேடம்" என்பேன். திருத்த ஒரு புள்ளிகூட இல்லை. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடியை விலக்கியும் அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

இரங்கல் கூட்டத்தில் துறைத் தலைவர்தான் முதலில் பேசினார். "அவரல்லவா உண்மையான தலைவர்!" என்று உருகினார். இந்த வருடம் அந்த வகுப்பையே நிறுத்தியவர் இவர். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறார்! மைக் என்னிடம் வந்தபோது, "எனக்கு ஒரு வேலை பாக்கி" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். இழுப்பறையைத் திறந்து அறிக்கையை எடுத்தேன். ஷிவானியின் குழுவும் கூட வந்தது.

அந்தத் தெருவில் ஷிவானி அதை இந்தியில் படித்தாள். பெண்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். எல்லோரும் முடித்த பிறகு, "இதைப் பூட்டி வைத்தவன் நான்தான்" என்றேன். "பையா, இத்தனை நாளா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டு, இருமிக்கொண்டே ஒருவர் அறிக்கையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் குப்பை எரிந்துகொண்டிருந்தது.

போய் வாருங்கள், மேடம். படித்தாயிற்று.